படமாகப் போட்ட அறிவிப்பு

கண் தெரியாத ஒரு பெண்ணிடம் நான் பொய் சொன்னேன். அவரால் அதைச் சரிபார்க்க முடியாது என்ற தைரியத்தில் சொன்னேன். நம் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, இணையதளத்துக்குப் பயன்படும் இலவசக் கருவிகளைப் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் அம்மா கேட்டிருக்கிறார். எழுதுகிறேன். ஆனால் இதை விட்டுவிட்டு அந்தக் கருவிகளைப் பற்றி மட்டும் எழுதினால், அதே பொய்யை உங்களிடமும் சொன்னதாகிவிடும்.

புதுக்கோட்டை அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை கடிதப் போக்குவரத்தும் அறிவிப்புகளும் என் பொறுப்பு. நம்முடைய வேலை பார்வையற்றவர்களுக்கானது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

இணையதளம் என்பது பெரிய நிறுவனங்களின் சமாச்சாரம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். செயலாளர் அம்மாவின் மருமகன் ஒரு மதிய வேளையில் வந்து உட்கார்ந்து, இலவசக் கருவி ஒன்றைத் திறந்து, "இந்தக் கட்டத்துல ஒங்க சேதியப் போடுங்க, இதுல போட்டோ" என்று காட்டிவிட்டுப் போனார். அன்று மாலைக்குள் நமக்கு ஓர் இணையதளம் இருந்தது. சில நாள் கழித்து, அதில் வைத்திருந்த இலவசப் படிவத்தின் வழியாக தோஹாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். குளத்தூர்க்காரர், அங்கே வண்டி ஓட்டுகிறார். தன் தம்பிக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, யாரைப் பார்ப்பது என்று கேட்டிருந்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். நம் வாசலில் மாட்டிய பலகையைப் பாலைவனத்தில் ஒருவர் படிக்கிறார். யாரும் நம்மிடம் எதுவும் கேட்காமல் இதைக் கையில் கொடுத்திருக்கிறார்களே என்ற மலைப்பு இன்றுவரை எனக்குத் தீரவில்லை.

மலைப்பு இருந்த அளவுக்கு நிதானம் இல்லை. நான் தமிழ்த் தட்டச்சு பழகியது பழைய எழுத்துருவில். அதில் அடித்ததை இணையதளத்தில் ஒட்டினால் கேள்விக்குறியும் கோடுமாக வந்தது. புதிய முறையைக் கற்க எனக்குச் சோம்பல். சுவரொட்டி வடிவமைக்கும் இன்னொரு இலவசக் கருவி அப்போது கிடைத்தது. அறிவிப்பை அதில் படமாகச் செய்து ஏற்றினால் எழுத்து உடையவில்லை. ஓரத்தில் பூ வைக்கலாம், பின்னால் வானவில் வைக்கலாம், மூலையில் சிறப்பு விருந்தினரின் முகத்தை வட்டமாக வெட்டி வைக்கலாம். நம் ஊரில் காதுகுத்துக்கே ஃபிளெக்ஸ் வைக்கிறோம். முகமும் பூவும் இல்லாத அறிவிப்பை யாரும் அறிவிப்பாக மதிப்பதில்லை. நானும் எல்லா அறிவிப்பையும் அப்படியே செய்தேன். நன்றாக இருக்கிறது என்று பலர் சொன்னார்கள்.

தளம் எல்லோரும் பயன்படுத்தும்படி இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும் இலவசக் கருவியும் உண்டு. அதில் நம் தளத்தைக் கொடுத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் இல்லை என்று சிவப்பாகக் காட்டியது. விளக்கம் எழுதுவதற்கான கட்டங்கள் எல்லாவற்றிலும் 'படம்' என்று ஒரே சொல்லை அடித்தேன். உடனே எல்லாம் பச்சையாகிவிட்டது. அந்தப் பச்சைக் குறியைச் செயலாளர் அம்மாவிடம் காட்டினேன். அவர் அதை ஒரு கூட்டத்தில் பெருமையோடு சொன்னார். எனக்குக் கைதட்டல் கிடைத்தது.

இந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளை நம்மை அணுகியது. பார்வையற்ற பெண்களுக்குத் தங்குமிடத்தோடு கணினிப் பயிற்சி, முடித்ததும் வேலை. தொலைபேசியில் நடந்த முதல் தேர்வில் எல்லோருக்கும் முன்னால் வந்தவர் ரேவதி. பொன்னமராவதிப் பக்கம் ஒரு கிராமம். பட்டப்படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தவர். அப்பா கருப்பையா கடலை விவசாயம் செய்பவர். நேர்முகத் தேர்வு குளத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் என்று முடிவாகி, எல்லோருக்கும் தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது.

தேர்வுக்கு முதல் நாள், மழையில் கூடம் ஒழுகுகிறது, தர முடியாது என்று பள்ளியிலிருந்து சொன்னார்கள். தேர்வைப் புதுக்கோட்டையில் நம் அலுவலகத்துக்கே மாற்றினோம். முன்பெல்லாம் இப்படி ஏதாவது நேர்ந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுவேன். அன்று நல்லதாக ஒரு சுவரொட்டி செய்து தளத்தில் ஏற்றினேன். குடும்பத்தார் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். "எல்லாருக்கும் சொல்லியாச்சுங்களா?" என்று செயலாளர் அம்மா கேட்டார். "போயிருச்சும்மா" என்றேன். கருப்பையா வைத்திருந்தது பட்டன் போன். அவர் அந்தக் குழுவிலேயே இல்லை.

மறுநாள் தேர்வு நடந்துகொண்டிருக்கும்போது அவருடைய அழைப்பு வந்தது.

"சார், குளத்தூர்ல நிக்கிறோம். பள்ளிக்கூடம் பூட்டிக் கெடக்கு. மழ வேற."

"எடம் மாத்தியாச்சே! வெப்சைட்டுல போட்டிருந்தோமே, பாக்கலையா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்களே சார்."

"ஒரு வார்த்த விசாரிச்சுட்டுக் கெளம்பக் கூடாதா? ஆளு வந்து ஒக்காந்திருக்காங்க இங்க."

"தப்புதாங்க. இந்தா, வந்துர்றோம்."

பொன்னமராவதியிலிருந்து வந்து, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில்தான் இறங்கிக் குளத்தூருக்கு வண்டி மாறியிருக்கிறார்கள். அந்த பஸ் ஸ்டாண்டிலிருந்து நம் அலுவலகம் நடந்து வரும் தூரம். அவர்கள் திரும்பி வந்தபோது தேர்வாளர்கள் கிளம்பிவிட்டார்கள். இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். கருப்பையா மகளைப் பார்த்தும் பேசவில்லை, என்னைப் பார்த்தும் பேசவில்லை. தரையைப் பார்த்து, "எம்புத்திக்குச் செருப்பால அடிக்கணும்" என்றார். நான் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

முதலாவதாக வந்தவர் ஏன் வரவில்லை என்று அறக்கட்டளை கேட்டபோது, 'உரிய முறையில் முன்கூட்டியே தெரிவித்தும் வரவில்லை' என்று பதில் எழுதினேன். அப்போது அதை நான் பொய் என்று நினைக்கவில்லை. அந்த இடம் வேறொருவருக்குப் போனது.

சில மாதங்கள் கழித்து, பஸ் பாஸ் புதுப்பிக்க ரேவதி அப்பாவுடன் வந்தார். கருப்பையா ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்த நேரத்தில், அவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கைபேசியை வெளியே எடுத்தார்.

"சார், ஒங்க வெப்சைட்டுல ஒண்ணுமே இல்லையே. ஏன் சார்?"

"என்னம்மா இப்படிச் சொல்றே? நெறைய இருக்கே."

"கேக்குறீங்களா?"

விரலால் திரையைத் தடவினார். தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி ஒரு சத்தம் அதிலிருந்து வந்தது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் கருவி, அதுவும் இலவசம்தான், அவருக்குப் பழகிய வேகத்தில் ஓடுகிறது என்று பிறகுதான் விளங்கியது. ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை.

"இதுவா பேச்சு? இது எப்படிம்மா புரியுது ஒனக்கு?"

"பஸ்ல கண்டக்டர் வரிசையா ஊரு சொல்றது ஒங்களுக்குப் புரியலையா? அது மாதிரிதான். இருங்க, ஒங்களுக்காக மெதுவா வெக்கிறேன்."

மெதுவாக வைத்தார். தமிழில், தெளிவாக, ஒரு பெண்குரல். அந்த இயந்திரம் தமிழ் பேசியதைக் கேட்டு எனக்குச் சிலிர்த்தது. அது சொன்னது இதுதான்: "முகப்பு. இணைப்பு. படம். படம். படம். படம். எங்களைப் பற்றி. இணைப்பு. படம்."

"ஏதோ கல்யாண ஆல்பம் வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றார் ரேவதி. "படத்துல என்ன இருக்குன்னு சொல்ற ஆப்பும் எங்கிட்ட இருக்கு. அதையும் போட்டுப் பாத்தேன். 'பூக்கள், சிரிக்கும் ஓர் ஆண்'னு சொல்லுது. யாரு சார் அந்தச் சிரிக்கிற ஆளு?"

"ஆண்டு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர்மா."

"எல்லா நோட்டீஸ்லயும் சிரிக்கிறாரே, அவருக்கு வேற சோலி இல்லையா?"

நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் அவர் கேட்டார்: "சார், அன்னிக்கு எடம் மாத்துனதையும் இப்படித்தான் போட்டிருந்தீங்களா? ஏன்னா மொத நாள் சாயங்காலம் நான் பாத்தேன். திரும்பத் திரும்பப் பாத்தேன். படம்னுதான் சொல்லுச்சு. புதுசா ஒண்ணுமில்லன்னு விட்டுட்டேன்."

தம்பிகளே, தங்கைகளே, இந்த வேலையில் உண்மையைச் சொல்ல உங்களுக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. எனக்கு ஒரு மூச்சு விடும் நேரம் கிடைத்தது. எனக்கு ஞாபகம் வந்தது கைதட்டலும் பச்சைக் குறியும்தான்.

"இல்லம்மா" என்றேன். "அது எழுத்தாத்தான் போட்டோம். ஒங்க ஊர்ப் பக்கம் டவர் கெடச்சிருக்காது."

"அப்படியா சார்" என்று கைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஜெராக்ஸ் தாளோடு கருப்பையா வந்தார். இருவரும் போனதும் அந்தச் சுவரொட்டியைத் தளத்திலிருந்து அழித்தேன்.

அடுத்து நான் செய்ததைப் பார்த்தால் நல்லவன் செய்ததுபோல் இருக்கும். புதிய தமிழ்த் தட்டச்சைக் கற்றேன். எல்லாக் கணினியிலும் உடையாமல் தெரியும் எழுத்துரு இலவசமாகவே கிடைத்தது. இவ்வளவு காலம் படமாகக் கிடந்த அறிவிப்புகளை எல்லாம் எழுத்தாக அடித்தேன். பச்சைக் குறியை நம்பாமல், என் கைபேசியிலும் அந்த வாசிக்கும் கருவியை இயக்கி, திரையை அணைத்துவிட்டுக் கேட்டுப் பழகினேன். உங்களையும் அதையே செய்யச் சொல்வேன். முதலில் பயமாக இருக்கும். எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. அந்தப் பயத்திலேயே கொஞ்ச நேரம் இருங்கள். சரியாக இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தெரிந்தவர் ரேவதி ஒருவர்தான். கூச்சமில்லாமல் அவரிடமே கேட்டேன். அவரும் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துச் சொன்னார்.

முகப்பில் சித்தன்னவாசல் ஓவியத்தின் படம் ஒன்று வைத்திருந்தேன். 'படம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு அதற்கு விளக்கம் எழுத உட்கார்ந்தேன். எத்தனையோ முறை பார்த்த ஓவியம். ஆனால் எழுத வரவில்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, 'குகையின் மேற்கூரையில் ஒரு தாமரைக் குளம். இலைகளுக்கு நடுவே மீன்கள், வாத்துகள், ஒரு யானை. ஒருவர் தண்ணீரில் நின்று பூப் பறிக்கிறார், தண்டு தோளில் கிடக்கிறது' என்று எழுதினேன். ரேவதி அதைக் கேட்டுவிட்டுப் போன் செய்தார்.

"சார், ஸ்கூல்ல எங்களை அங்க டூர் கூட்டிப் போனாங்க. உள்ள நல்லா குளுகுளுன்னு இருந்துச்சு. தொடாத தொடாதன்னாங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எந்தலைக்கு மேலயா சார் குளம் இருந்துச்சு?"

"ஆமாம்மா."

"யானையோடயா?"

"யானையோட."

அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. என் கண்ணால் பார்த்தபோது வராத பிரமிப்பு, அவருடைய அந்த மௌனத்தைக் கேட்டபோது எனக்கு வந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறு வருடம் அறக்கட்டளை அடுத்த அணிக்கு ஆள் எடுத்தது. தகவல் தெரிந்தும் முன்பு தேர்வுக்கு வராதவர்கள் மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். அது நம் தளத்தில் இப்போது எழுத்தாகவே இருந்தது. ரேவதி அதைக் கேட்டுத் தன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். கருப்பையா ஒரு பை நிறைய வேர்க்கடலையோடு அலுவலகத்துக்கு வந்தார்.

"சார், புள்ள மேல தப்பில்ல. நாந்தான் விசாரிக்காமக் கூட்டிப் போனேன். படிக்காத பய. அந்தச் சென்னைக்காரங்ககிட்ட என்னையத் திட்டச் சொல்லுங்க, புள்ளைக்கு ஒரு எடம் குடுக்கச் சொல்லுங்க."

"ஒக்காருங்க கருப்பையா."

"இல்ல சார். அன்னிக்கு நீங்க கேட்டீங்க பாருங்க, ஒரு வார்த்த விசாரிக்கக் கூடாதான்னு. வீட்டுக்கு வந்து படுத்தாலும் அதான் கேக்குது."

அவர் நின்றபடியே கையைக் கூப்பினார். நான் செய்த தவறுக்கு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் போனதும் நேராகச் செயலாளர் அம்மாவின் அறைக்குப் போய், சுவரொட்டி, 'படம்', அறக்கட்டளைக்கு எழுதிய பதில், டவர், அழித்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நம்ம வேலையே இவங்களுக்குத்தானே சார்? இவங்களுக்கே படம் போட்டிருக்கோம். வெளிய தெரிஞ்சா நம்ம பேரு என்னாகும்?"

"தெரியப்படுத்தணும்னுதான் வந்தேன்மா."

"அறக்கட்டளைக்குப் போன கடிதத்துல இருக்குறது எங்கையெழுத்து."

"எழுதினது நான். அதையும் எழுதிடறேன்."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "எழுதுங்க" என்றார்.

அறக்கட்டளைக்கு நடந்ததை மறைக்காமல் எழுதினேன். ரேவதி மீதான தடையை நீக்குகிறோம், ஆனால் மற்றவர்களோடு முதலிலிருந்து தேர்வில் கலந்துகொள்ள வேண்டும் என்று பதில் வந்தது. அவர் கலந்துகொண்டார், இடமும் கிடைத்தது. இன்று சென்னையில் வேலையில் இருக்கிறார். அதை என் கணக்கில் சேர்த்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. அது அவருடைய திறமை. வீட்டில் போன அந்த ஒரு வருடம் போனதுதான்.

நான் செய்ததாகச் சொல்லத்தக்கது ஒன்றுதான், அந்தத் தேர்வுக்கு முன்பே நடந்தது. தளத்தின் முகப்பில் ஒரு மன்னிப்பு எழுதி, வெளியிடுவதற்கு முன் அதன் இணைப்பை ரேவதிக்கு மட்டும் அனுப்பினேன். பெயர் போடச் சம்மதமா என்று கேட்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊருக்குப் போனேன். கருப்பையா தோட்டத்தில் இருந்தார். ரேவதி வாசலுக்கு வந்தார்.

"டவர் இல்லன்னு சொன்னது பொய்மா" என்றேன்.

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"டவர் இல்லாட்டி 'படம்'னு எப்படிச் சார் சொல்லும்?"

கேட்டேன்: "தெரிஞ்சுமா எனக்குத் தளத்தைச் சரிபார்த்துக் குடுத்தே?"

"ஒங்களுக்கா செஞ்சேன்? என்னைய மாதிரி எத்தன பேரு கேக்குறாங்க." தோட்டத்துப் பக்கம் முகத்தைத் திருப்பினார். "எங்கப்பாகிட்ட நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். நம்ப மாட்டேங்கிறாரு. ஆபீஸுல சொன்னதுதான் அவருக்கு நெசம். நீங்க சொல்லுங்க."

கருப்பையா மண் கையோடு வந்தார். அவரிடம் சொன்னேன். தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது என்றேன். அவர் சங்கடமாகச் சிரித்தார்.

"எம்மனசு ஆறணும்னு சொல்றீங்க. பெரிய மனுஷன்."

"இல்ல கருப்பையா, நெசமாத்தான்."

"இருக்கட்டும் சார். காப்பி குடிங்க."

எப்படிச் சொல்லியும் ஏறவில்லை. கடைசியில், வாட்ஸ்அப் குழுவில் இன்னும் கிடந்த அந்தச் சுவரொட்டியை என் கைபேசியில் எடுத்துக் காட்டினேன். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு" என்றார். "பூவெல்லாம் போட்டு."

"அப்பா, இங்கிட்டு வாங்க" என்றார் ரேவதி. கைபேசியின் வேகத்தைக் குறைத்தார். அதற்கும் கீழே குறைத்தார். நான் அனுப்பிய பக்கத்தைத் திறந்து, அப்பாவின் காதுப் பக்கமாகப் பிடித்தார்.

ஏற்ற இறக்கமில்லாத அந்தக் குரல் வாசித்தது: "தேர்வு நடக்கும் இடம் மாறியதை இந்த நிறுவனம் ரேவதிக்கும் அவர் தந்தை கருப்பையாவுக்கும் தெரிவிக்கவில்லை. ரேவதி முதல் நாளே இந்தத் தளத்தைத் திறந்து பார்த்தார். அறிவிப்பு படமாக இருந்ததால் அவருக்கு அது கேட்கவில்லை. கருப்பையா எந்தத் தவறும் செய்யவில்லை. தவறு செய்ததும், அதை மறைத்ததும், பழியை அவர்மேல் போட்டதும் இந்த அறிவிப்புகளை எழுதும் நான்."

அதன் கீழே என் பெயரையும் வாசித்துவிட்டு நின்றது.

கருப்பையா என்னைப் பார்க்கவில்லை. மகளின் கையிலிருந்த அந்தக் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்பேரச் சொல்லுதே" என்றார். பிறகு வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவ போடு ஆத்தா."